சிவப்புக் காருக்கு ஒரு மீட்டர்

திருவண்ணாமலை,
8.1.1979

தங்கை பொன்னிக்கு அண்ணன் பலராமன் எழுதுவது.

நானும் கஸ்தூரியும் பிள்ளைகளும் சுகம். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். ஆறு வருஷம் கழித்து இவன் எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். தீபத்துக்கு நீ அம்மா பேருக்குப் போட்ட கார்டிலிருந்து விலாசம் எடுத்தேன்.

விஷயம் ஒரு மீட்டர். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு இந்தப் பக்கம் நான் ஷெட் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. லாரி, டிராக்டர் வேலைதான். போன மாதம் டென்மார்க்கிலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருக்கும் ஹென்ரிக் என்பவர் ஒரு காரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். சிவப்பு, இரண்டே சீட்டு, கூரை கிடையாது, தரையோடு தரையாக இருக்கிறது. பந்தயத்தில் ஓடுகிற ஜாதி. இருபது வயசு ஆன இங்கிலீஷ் வண்டி. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

ஓடினால் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கிறது. ரேடியேட்டரைப் பிரித்துக் கழுவினேன், பெல்ட் மாற்றினேன். ஆனால் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வழி இல்லை. அதில் இருந்த பழைய மீட்டர் செத்துவிட்டது. மே மாதக் கடைசியில் அவருக்கு விசா முடிகிறது. அதற்குள் வண்டியை பம்பாய் வரை ஓட்டிப் போய்க் கப்பலில் ஏற்ற வேண்டுமாம். பாதி வழியில் தெரியாமல் கொதித்தால் இன்ஜினே போய்விடும். "வேற மீட்டர் நான் போட்டுத் தரேன் சார்" என்று வாயை விட்டுவிட்டேன்.

நீ மீட்டர் கம்பெனியில் இருப்பதாகக் கார்டில் எழுதியிருந்தாய். அந்த மாதிரி ஒன்று கிடைக்குமா? கிடைக்காவிட்டாலும் ஒரு வரி எழுது.

பலராமன்


சென்னை,
17.1.1979

அன்புள்ள அண்ணாவுக்குப் பொன்னியின் வணக்கம்.

கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துகொண்டே பிரித்தேன். உள்ளே மீட்டர் என்று இருந்தது. முதலிலிருந்து மறுபடி படித்தேன். அப்போதும் மீட்டர்தான். இவரிடம் கொடுத்தேன். இவரும் படித்துவிட்டு, "உங்க அண்ணன் மீட்டர்தான் கேக்கறாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கேட்டது சரியான இடத்தில்தான். நான் சூடு மீட்டர் சோதிக்கும் பெஞ்சில் நாலு வருஷமாக இருக்கிறேன். சூடான எண்ணெயில் ஒவ்வொன்றாக முக்கி, முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் ஸ்டோரில் வாங்கிய மின்சார மீட்டர் ஒன்று இத்துடன் பார்சலில் வருகிறது. அதோடு பித்தளையில் விரல் நீளத்துக்கு, சூட்டை உணர்ந்து மீட்டருக்கு அனுப்பும் ஒரு சென்டர் இருக்கும். அதை இன்ஜினில் தண்ணீர் ஓடும் இடத்தில் திருகி, ஒற்றை வயரால் மீட்டருக்கு இழுக்க வேண்டும். அந்த வண்டியில் பேட்டரியின் ப்ளஸ் பக்கம் பாடியில் மாட்டியிருந்தால் பயப்படாதீர்கள். பழைய இங்கிலீஷ் வண்டிகள் சில அப்படித்தான். மாற்றிவிடாதீர்கள்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் போட்ட கார்டுகளை யாராவது படித்துக் காட்டினீர்களா? அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்தேன்.

பொன்னி


திருவண்ணாமலை,
2.2.1979

தங்கை பொன்னிக்கு.

இங்கே சுகம். மீட்டர் உடையாமல் வந்து சேர்ந்தது. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

நீ எழுதியபடியே மாட்டினேன். பேட்டரியில் ப்ளஸ்தான் பாடியில் இருக்கிறது. நீ எழுதியிருக்காவிட்டால் மாற்றித் தொலைத்திருப்பேன். சென்டர் அந்த ஓட்டையில் லொடலொடவென்று இருந்தது. சணல் நூலைச் சுற்றி, வெள்ளைப் பசை தடவி இறுக்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சாவி போட்டேன், முள் 'குளிர்ச்சி'யில் நின்றது. சரி என்று ஹென்ரிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து மலையைச் சுற்றி ஒரு ரவுண்டு கிளம்பினேன்.

அடி அண்ணாமலை தாண்டும்வரை முள் அசையவில்லை. நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். ஹென்ரிக்கும் தலையை ஆட்டி ஆட்டி மீட்டரைக் காட்டினார். அப்புறம் பானெட்டிலிருந்து குப்பென்று ஆவி. அப்போதும் முள் குளிர்ச்சியிலேயே இருக்கிறது! மூடியைத் திறக்கப் போய் இடது கை வெந்துவிட்டது. பயப்படாதே, தோல்தான். டீக்கடைக் கண்ணாயிரம் ஓடிவந்து தண்ணீர் ஊற்றிவிட்டு, "உங்க மீட்டர் டில்லி குளிரைக் காட்டுதுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

கொதிக்கிற வண்டி எப்படிக் குளிர்ச்சியாக இருக்கும்? மீட்டர் தப்பா, வண்டி தப்பா, நான் தப்பா? எழுது.

கஸ்தூரி உன்னை விசாரித்தாள்.

பலராமன்


சென்னை,
9.2.1979

அன்புள்ள அண்ணாவுக்கு.

கைக் காயம் ஆறியதா? மருந்து போடாமல் கிரீஸ் தடவிக்கொண்டு திரிவீர்கள் என்று தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மீட்டர் தப்பில்லை. சணல்தான் தப்பு. சென்டருக்கு ஒரு வயர்தான் வருகிறது, இன்னொரு பக்கம் இன்ஜின் இரும்பு வழியாகத்தான் போக வேண்டும். நீங்கள் நூலும் பசையும் வைத்து இரும்பைத் தொடவிடாமல் செய்துவிட்டீர்கள். ஆகவே எவ்வளவு கொதித்தாலும் முள் எழுந்திருக்காது. நூலை எடுத்துவிட்டு வெறும் திருகாகப் போட்டுப் பாருங்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. என்மேல் அம்மாவுக்கு இன்னும் கோபமா? கோபம் என்றால் அதையே எழுதுங்கள். அம்மா திட்டியதைத் திட்டியபடியே எழுதினால்கூட எனக்குப் போதும். நான் ஸ்டீபனைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று அம்மா வாசலுக்கு வரவே இல்லை. ஏதாவது சொன்னாளா என்று ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பொன்னி


திருவண்ணாமலை,
1.3.1979

தங்கை பொன்னிக்கு.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கை ஆறிவிட்டது.

நூலை எடுத்தால் முள் நகர்கிறது, தண்ணீர் ஒழுகுகிறது. நூலைச் சுற்றினால் தண்ணீர் நிற்கிறது, முள் படுத்துவிடுகிறது. பாதி நூல் சுற்றிப் பார்த்தேன். பாதி ஒழுகுகிறது, முள் பாதியில் நின்று ஆடுகிறது. இதில் ஹெட்லைட் போட்டால் முள் ஒரேயடியாகக் குதித்துச் சிவப்புக்குப் போகிறது. விளக்குப் போட்டால் தண்ணீர் ஏன் சூடாக வேண்டும்? கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி எந்த வயர் எதற்கு என்பதே மறந்துபோகிறது. ஹென்ரிக் தினமும் காலையில் வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டாலாவது தேவலை.

ஓட்டையின் அளவு தெரிய, செத்துப்போன பழைய சென்டரைத் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது எந்த வலியும் இல்லை. உன்மேல் கோபமும் இல்லை.

பலராமன்


சென்னை,
12.3.1979

அன்புள்ள அண்ணாவுக்கு.

கடைசி இரண்டு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. கோபம் இல்லை என்று அம்மா வாயாலேயே சொன்னாளா? எப்போது சொன்னாள், என்ன செய்துகொண்டிருந்தபோது சொன்னாள்? இவ்வளவு சின்னதாக எழுதிவிட்டீர்களே. முழங்கால் எந்த வைத்தியத்தில் சரியானது?

முதலில் மீட்டரை முடித்துவிடுகிறேன். விளக்குப் போட்டால் குதிப்பது அந்த வண்டியின் பழைய வயரிங். அதைக் கடிதத்தில் நான் சரிசெய்ய முடியாது. அதனால் மின்சாரமே வேண்டாம். இப்போது அனுப்பியிருப்பது குழாய் மீட்டர். ஒரு முனையில் மீட்டர், மறு முனையில் குமிழ், நடுவில் நூல் மாதிரி மெல்லிய செம்புக் குழாய். குமிழ் சூடானால் உள்ளே இருக்கும் ஆவி முள்ளைத் தள்ளும். வயர், பேட்டரி எதுவும் வேண்டாம். ஆனால் குழாயை வெட்டக் கூடாது, ஒடித்து மடக்கக் கூடாது. ஒரு துளி ஆவி போனாலும் மீட்டர் அவ்வளவுதான். மாட்டுவதற்கு முன்னால் குமிழைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள். முள் நூறில் நிற்க வேண்டும்.

கூட ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பழைய சென்டரை அளந்து, அந்த ஓட்டைக்கும் இந்தக் குமிழுக்கும் பொருந்துகிற மாதிரி இவர் லேத்தில் கடைந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நண்பர் பட்டறைக்குப் போய்ச் செய்தார். "சணல் வேணாம்னு எழுது" என்றார்.

பார்சலில் ஒரு ஜோடி செருப்பு இருக்கும். அம்மாவுக்கு. உள்ளே மெத்தை வைத்தது, நடந்தால் குதிகால் உறுத்தாது. என் கால் அளவுதானே அவளுக்கும். அந்த நம்பிக்கையில் வாங்கினேன். சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

பொன்னி


திருவண்ணாமலை,
24.3.1979

பொன்னிக்கு.

நேற்றுச் சாயங்காலம் நீ சொன்னபடி குமிழைச் சோதிக்க வீட்டுக்கு எடுத்துப் போனேன். கஸ்தூரி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். முள் ஏறி நூறில் போய் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் கஸ்தூரி பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பு யாருக்குங்க?"

"அம்மாவுக்கு."

அவள் செருப்பைக் கையில் எடுத்தாள். அப்புறம், "இன்னும் சொல்லலியா அந்தப் பொண்ணுக்கு? இத்தினி லெட்டர் போட்டீங்களே, என்னதான் எழுதுனீங்க?" என்றாள்.

"மீட்டரைப் பத்தி."

செருப்பை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

அம்மா இல்லை பொன்னி. 1977 ஐப்பசியில் போய்விட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாள் இருந்தாள். அதற்குப் பிறகு நீ கார்டு போட்டபோதெல்லாம் அதை ஷெட்டில் டூல்ஸ் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அம்மா போன அன்று உனக்குத் தந்தி அடிக்கத்தான் போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். ஃபாரம் வாங்கி உன் பேரும் எழுதிவிட்டேன். சடையன் பெரியப்பா பின்னாலேயே வந்தார். "வேற சாதிக்காரனோட போனவ இங்க வந்தா, நம்ம வேங்கிக்கால்ல ஒருத்தன் தோள் குடுக்க மாட்டான். நீயும் உன் பொண்டாட்டியும்தான் தூக்கணும், யோசிச்சுக்கோ" என்றார். ஃபாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். காரியம் முடிந்ததும் எழுதலாம் என்று இருந்தேன். அப்புறம் ஒரு மாதம் ஆகிவிட்டதே, எப்படி எழுதுவது என்று விட்டேன். அப்புறம் ஒரு வருஷம்.

எந்த வலியும் இல்லை என்று எழுதினேன். பொய் எழுதவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பலராமன்


சென்னை,
14.4.1979

மதிப்புக்குரிய பலராமன் அவர்களுக்கு ஸ்டீபன் எழுதிக்கொள்வது.

நாம் நேரில் பார்த்ததில்லை. உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. பொன்னி பதில் எழுத மாட்டாள் என்று தோன்றியதால் நான் எழுதுகிறேன்.

கடிதம் வந்த அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளிலிருந்து போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. ஒரு நாள், "செருப்ப என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள். இன்னொரு நாள், "முள்ளு நூறுல நின்னுச்சாமே, அப்போ மீட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் மனசில் எது எங்கே ஓடுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

உங்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. குறை இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் உயிரோடும் உடம்பு நலத்தோடும் இருக்கிறாள் என்று ஒருவர் உங்களுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காக எழுதினேன்.

ஸ்டீபன்


சென்னை,
25.4.1979

அண்ணாவுக்கு.

இரண்டு கேள்வி கேட்கிறேன். நலம் விசாரிக்க இப்போது என்னால் முடியவில்லை.

ஒன்று: அந்தப் பதினோரு நாளில் அம்மா என்னைக் கேட்டாளா?

இரண்டு: சூடு மீட்டர் வேலூரிலேயே கிடைக்கும். லாரி வேலை செய்கிற உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது. பின் ஏன் எனக்கு எழுதினீர்கள்?

என் மனசு நோகும் என்று பார்த்து எழுதாதீர்கள். நடந்ததை எழுதுங்கள்.

பொன்னி


திருவண்ணாமலை,
30.4.1979

தங்கை பொன்னிக்கு.

கேட்டாள். மூன்றாம் நாள் காலையில், "பொன்னிக்குக் கடுதாசி போட்டியாடா?" என்றாள். "எழுதிட்டேன்மா" என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், "மெட்ராஸ் பஸ் வந்துடுச்சா?" என்பாள். "லேட்டும்மா" என்பேன். ஒன்பதாம் நாள் என்னைக் கேட்காமல் கஸ்தூரியைக் கேட்டாள். கஸ்தூரி அழுதுவிட்டு வெளியே ஓடினாள். அம்மாவுக்குப் புரிந்ததா, புரியாமலே போனாளா, எனக்குத் தெரியாது. இதை மறைத்துவிட்டு, அம்மா நினைவில்லாமல் கிடந்தாள் என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ நடந்ததை எழுதச் சொன்னாய்.

மீட்டர் வேலூரில் கிடைக்கும். போய்க்கூடப் பார்த்தேன். கடைக்காரர் எடுத்து மேஜைமேல் வைத்தார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். உனக்கு எழுத வேறு எந்தச் சாக்கும் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேப்பர் எடுத்தேன். எழுத எழுத மீட்டராகவே வந்தது.

குழாய் மீட்டரை இன்னும் மாட்டவில்லை. கை போகவில்லை. ஹென்ரிக்கிடம் எல்லாவற்றையும் அரைகுறை இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, "வெயிட்" என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளை கடைந்த பித்தளைத் துண்டை அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்தேன். நூல் இல்லாமலே சொட்டு ஒழுகவில்லை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

பலராமன்


சென்னை,
7.5.1979

அண்ணாவுக்கு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நான் மட்டும். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், ஷெட்டுக்கு நானே வருவேன். மீட்டரை நான் மாட்டுகிறேன், நீங்கள் தொட வேண்டாம். அதற்குப் பிறகு அம்மாவை எங்கே எரித்தீர்களோ அங்கே என்னைக் கூட்டிப் போங்கள்.

பொன்னி


சென்னை,
20.5.1979

அண்ணாவுக்குப் பொன்னி எழுதுவது.

ஊர் வந்து சேர்ந்தேன். அன்று நாம் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. பேச முடியாததை எழுதுகிறேன்.

பஸ்ஸில் செஞ்சி தாண்டுகிறவரை அழுதுகொண்டிருந்தேன். மலை தெரிந்ததும் அழுகை நின்றுவிட்டது. உங்களைப் பார்த்ததும் கன்னத்தில் அறைய வேண்டும் என்று நினைத்துத்தான் ஷெட்டுக்குள் வந்தேன். நீங்கள் ஸ்பேனரை நீட்டினீர்கள். வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டேன். இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் வைத்து, குழாயை உள்ளே விட்டு, மிச்சத்தைச் சுருட்டிக் கட்டுகிறவரை நமக்குள் மீட்டர் பேச்சுதான். "இங்கியா?" "இன்னும் கொஞ்சம் மேல." அதுவும் இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கழித்திருப்போமோ. முள் எண்பதுக்கு ஏறி நின்றபோது ஹென்ரிக் சாவியை உங்கள் கையில் கொடுத்து, போய் வாருங்கள் என்று ரோட்டைக் காட்டினார். அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது அண்ணா.

வேங்கிக்காலில் பெரியப்பா ரேஷன் கடை முன்னால் நாலு பேரோடு நின்றதைப் பார்த்தேன். நீங்கள் வேகமாகத் தாண்டிவிடுவீர்கள் என்று நினைத்தேன். தாண்டியிருந்தால் அங்கேயே இறங்கிச் சென்னைக்குப் போயிருப்பேன். வண்டியை நிறுத்தினீர்கள். கூரை இல்லாத வண்டியில் எனக்கு ஒளிய இடம் இல்லை.

"பெரியப்பா, பொன்னி வந்திருக்கா. அம்மாவ எரிச்ச எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"பொம்பளைய சுடுகாட்டுக்கா? உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?"

"அன்னிக்கு நான் தந்தி அடிச்சிருக்கணும். அடிக்காதது என் தப்பு. உங்க பேச்சைக் கேட்டது அதவிடப் பெரிய தப்பு."

நாலு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள். பெரியப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஏரிக்கரையில் இங்கே என்று ஓரிடத்தைக் காட்டினீர்கள். அப்புறம் இல்லை, அந்த வேலிக்காத்தானுக்குப் பக்கத்தில் என்றீர்கள். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, எல்லா மண்ணும் ஒரே மாதிரி இருந்தது. உங்களுக்கே தெரியவில்லை என்று புரிந்தபோது கோபம்தான் வர வேண்டும். வரவில்லை. நீங்கள் முழங்காலில் உட்கார்ந்து இரண்டு இடத்து மண்ணையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் இரண்டுக்கும் நடுவில் நின்று கும்பிட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். பஸ் வந்துடுச்சா என்று அம்மா கேட்டது தினமும் காதில் விழுகிறது. அது நிற்குமா என்று தெரியவில்லை. உங்களுக்கும் விழும். அதை நாம் இரண்டு பேரும்தான் தூக்க வேண்டும்.

ஹென்ரிக் கிளம்பும்போது குழாயில் எதுவும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். அண்ணி கட்டிக் கொடுத்த புளிசாதத்தை இவர்தான் அதிகம் சாப்பிட்டார்.

ஐப்பசியில் அம்மா திதி எந்த நாளில் வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். நானும் இவரும் வருவோம். எழுதி, நீங்களே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுங்கள் அண்ணா.

பொன்னி